முதலில் முட்டுக்கட்டை

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட், பேலன்ஸ் ஷீட் எல்லாம் சுமாராகத் தெரியும். பேலன்ஸ் தெரியாது. இந்த உண்மையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரை புதூரில் என் வீட்டு வாசலில் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

பைக்கின் முன் டயர் வழுக்கையாகிவிட்டது. புது டயர் வாங்கியாச்சு. கடையில் கழற்றி மாட்டும் கூலி ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் நாமே செய்து பார்த்தால் என்ன என்று ஒரு வீம்பு. சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். எஞ்சினுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று செங்கல். முன் சக்கரம் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பி நின்றது. அக்கா மகன், ஏழு வயசு, "மாமா, நான் புடிச்சுக்கிறேன்" என்று ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்பேனரை அச்சு நட்டில் மாட்டி இழுத்தேன். அசையவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். நட்டு அசையவில்லை. பைக் அசைந்தது. மேல் செங்கல் பட்டென்று இரண்டாகப் பிளந்தது. வண்டி முன்பக்கமாகக் குப்புற விழுந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது.

நல்லவேளை, எனக்குக் கால் கட்டைவிரல் நகத்தோடு போயிற்று. பையனுக்கு? ஐஸ் வண்டி மணிச் சத்தம் கேட்டு அரை நிமிஷம் முன்பு தெருவுக்கு ஓடியிருந்தான். அவன் நின்றிருந்த இடத்தில் 140 கிலோ இரும்பு கிடந்தது.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் எதிர்த்த வீட்டுப் பெரியவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். லாரி பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வண்டியைப் பார்த்தார், உடைந்த செங்கலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கல்லை நம்பியா தூக்குனீக? மொதல்ல முட்டுக் குடுக்கணும். அப்புறந்தான் நெம்பணும். எங்க அப்பத்தா வீட்டு மாட்டு வண்டியிலயே அப்படித்தானே செய்வாக!"

முதலில் முட்டு, அப்புறம் நெம்பு. நாலே வார்த்தை. விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாரத்தில் இந்த நாலு வார்த்தையைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன். துரத்தினால் அது எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போகிறது. கொஞ்சம் கூட வாருங்கள்.

சக்கரம் கண்டுபிடித்த மனிதனைப் பற்றிப் பேசாத சரித்திரப் புத்தகம் இல்லை. ஆனால் அந்தச் சக்கரம் உடைந்த அன்றைக்கு அவன் என்ன செய்தான் என்று யாரும் எழுதுவதில்லை. சக்கரம் சுழலும்வரை அது வண்டியைத் தாங்குகிறது. கழற்ற வேண்டும் என்றால்? அந்த நேரத்தில் வண்டியை வேறு ஏதோ ஒன்று தாங்க வேண்டும். அந்த 'வேறு ஏதோ ஒன்று' என்ன என்பதுதான் கேள்வி.

இதைப் பற்றிக் கவலைப்பட்ட ஆட்கள் நம் ஊரில் ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். உமணர்கள். கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வண்டி வண்டியாகப் போன வியாபாரிகள். மேடும் பள்ளமுமான பாதை, தலைக்கு மேல் பாரம், நடுக்காட்டில் அச்சு முறிந்தால் கதை முடிந்தது. அதனால் வண்டிக்கு அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவார்களாம். அதற்குப் பெயர் சேம அச்சு. புறநானூற்றின் 102-ம் பாட்டில் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் இந்தச் சேம அச்சுக்குத்தான் ஒப்பிடுகிறார். ஆபத்துக்கு உதவுகிற ஆள் என்று அர்த்தம். ராஜா மகனை சிங்கம், புலி என்று சொல்லாமல் ஸ்பேர் பார்ட்ஸ் என்று பாராட்டியிருக்கிறார். கேட்டவர்களுக்கு அதன் மதிப்புத் தெரிந்திருந்தது.

மாட்டு வண்டிக்கு வருவோம். வண்டிச் சக்கரம் கிறீச்சிடாமல் ஓட அச்சுக்கு மை போட வேண்டும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. போடுவதற்குச் சக்கரத்தை வெளியே இழுக்க வேண்டும். மாட்டை அவிழ்த்துவிட்டு, அந்தப் பக்கத்து வண்டிப் பாரத்துக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்து, அது தாங்குகிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கடையாணியைப் பிடுங்குவார்கள். வரிசை மாறினால் வண்டி காலில் விழும். பெரியவர் சொன்ன பாடம் இதுதான்.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் பெரிய பாடம் வருஷா வருஷம் மாசி வீதிகளில் நடக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணம் முடிந்த மறுநாள் தேரோட்டம். அத்தனை பேரும் வடம் பிடிக்கிறவர்களைத்தான் பார்ப்போம். நான் சொல்வது சக்கரத்தோடு சக்கரமாக, கையில் முட்டுக்கட்டையோடு ஓடி வருகிற ஆட்களை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. பிரேக் கிடையாது. எந்தச் சக்கரத்துக்கு அடியில், எந்தக் கோணத்தில் கட்டையைச் செருகுவது என்பதுதான் ஸ்டியரிங், அதுதான் பிரேக். நகராமல் நின்றுவிட்டால் பின்னாலிருந்து சன்னை போட்டு நெம்புவார்கள். சன்னை என்பது ராட்சத நெம்புகோல். கிளப்புவதற்குச் சன்னை, நிறுத்துவதற்கு முட்டுக்கட்டை. ஒன்றில்லாமல் இன்னொன்றைத் தொடமாட்டார்கள்.

'வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்' என்று அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை திட்டுகிறார்களே, அந்தக் கட்டைதான். அதைப் போடுகிற ஆள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போடுகிறார். தேர் சந்தில் புகாமல், கூட்டத்தில் ஏறாமல் நிலைக்கு வந்து சேர்கிறது என்றால் அவரால்தான்.

சரி, டயர் எப்போது வந்தது?

மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட காலம்வரை பஞ்சர் என்ற வார்த்தையே தேவைப்படவில்லை. 1845-ல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டியில் மாட்டியும் காட்டினார். ஊரே மறந்துவிட்டது. 43 வருஷம் கழித்து, 1888-ல், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு டாக்டர் தன் மகனின் மூணு சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று அதையே மறுபடி கண்டுபிடித்தார். காப்புரிமையும் கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 'ஐயா, இது ஏற்கெனவே தாம்சன் செய்தது' என்று சொல்லி அதைச் செல்லாது என்றும் ஆக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் டன்லப்புக்கே நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த டயரில் ஒரு வில்லங்கம் இருந்தது. சக்கரத்தோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்து எடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி பசை தடவிக் காய வைக்க வேண்டும். 1889-ல் பிரான்ஸின் கிளெர்மோன்ஃபெரான் ஊரில் இருந்த மிஷெலின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு இப்படி ஒரு பஞ்சரான சைக்கிள் வந்து சேர்ந்தது. கழற்றி ஒட்டவே மணிக்கணக்கானது. இரவு முழுக்கக் காய வைத்தார்கள். மறுநாள் எதுவார் மிஷெலின் ஏறி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடி புஸ்ஸ்ஸ்!

வேறு யாராவதாக இருந்தால் சைக்கிளைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அவர், கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். 1891-ல் அதற்குக் காப்புரிமை. அதே வருஷம் பாரிஸ் - ப்ரெஸ்ட் - பாரிஸ் சைக்கிள் பந்தயம், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஷார்ல் தெரோன் என்பவர் மிஷெலின் டயரோடு ஓட்டி, 72 மணி நேரத்துக்குள் முடித்து, முதலாவதாக வந்தார். மணிக்கணக்கு வேலை நிமிஷக்கணக்காகிவிட்டது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

இதற்கு நடுவில், 1890-ல், சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற இங்கிலாந்துக்காரர் செய்த காரியம்தான் இன்றைக்கும் நாம் டயர் கழற்றுவதற்கு ஆதாரம். டயரின் ஓரத்தில் நீளாத கம்பி வைத்தார். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் விட்டார். கம்பி நீளாது, ரிம்மை விடச் சிறிய வட்டம், பிறகு எப்படி வெளியே வரும்? ஒரு பக்கத்து ஓரத்தை அந்தப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் எதிர்ப்பக்கம் தளர்ந்து கொடுக்கும். அங்கே லிவரை விட்டு நெம்பினால் சுலபமாக ஏறி வந்துவிடும். பஞ்சர் கடைப் பையன் டயரின் ஒரு பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபக்கம் லிவர் போடுகிறான் பாருங்கள், அது பலம் இல்லை. வெல்ச்சின் பள்ளம்!

இந்த டயர் மதுரைக்கு வந்து இறங்கிய கதை ஊருக்கே தெரிந்ததுதான். திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று சுற்றிவிட்டு 1911-ல் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். 1912-ல் பஸ் ஓட்டினார். அப்போது சாலையின் முதலாளி மாடு. மாட்டுக் குளம்புக்கு லாடம். லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணியெல்லாம் நட்டநடு ரோட்டில். பஸ் டயருக்கு இதைவிடப் பெரிய எதிரி வேண்டுமா? காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கிய பிறகுதான் அவர் பஸ்ஸை விடுவார் என்று டி.வி.எஸ். கதைகளில் ஒன்று சொல்வார்கள். பஞ்சர் ஆன பிறகு தூக்குவதை விட, ஆகாமல் பார்த்துக்கொள்வது மேல் என்ற கணக்கு.

கார்க்காரர்களுக்கு வேறொரு வழி கிடைத்தது. ஆரம்பக் காலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. 1904-ல் வேல்ஸ் நாட்டில் டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் காற்றடித்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே இறுக்கிக்கொண்டு ஓட்டும்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் பட்டறை லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்தது. அதுதான் ஸ்டெப்னி! இங்கிலாந்தில் அந்த வார்த்தை எப்போதோ செத்துவிட்டது. நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் இன்றைக்கும் வாழ்கிறது. பிரேசிலில்கூட உபரிச் சக்கரத்துக்கு 'எஸ்டெபே' என்றுதான் பெயர். உமணர்களின் சேம அச்சுக்குப் பிறகு கொஞ்சம் தாமதமாக வந்த சேமச் சக்கரம்.

மோட்டார் சைக்கிளில் ஸ்டெப்னிக்கு இடம் கிடையாது. அதனால் என்ன செய்தார்கள்?

இங்கேதான் நான் ஆச்சரியப்பட்டுப்போனேன். அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் பைக்குகளில் பின் சக்கரத்தைத் தூக்க ஒரு ஸ்டாண்ட், முன் சக்கரத்தைத் தூக்க இன்னொரு ஸ்டாண்ட். முன் மட்கார்டைத் தாங்குகிற கீழ்க் கம்பியைக் கழற்றிக் கீழே மடக்கினால் அதுவே முன் ஸ்டாண்டாகிவிடும். 2-ம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1 லட்சத்துக்கும் மேல் தயாரான பி.எஸ்.ஏ. எம் 20-ல் இந்த ஏற்பாடு உண்டு. ஏன்? செய்தி கொண்டுபோகிற சிப்பாய் தனியாளாகப் போவான். பாலைவனமோ காடோ, பஞ்சர் ஆனால் கூட ஆள் கிடையாது, செங்கல் கிடையாது. வண்டியைச் செய்தவன், வண்டி நின்றுபோகிற நேரத்தையும் யோசித்தே செய்தான்.

இன்னொருவர் இதைவிட ஒரு படி மேலே போனார். இத்தாலியில் கொர்ராதினோ தஸ்கானியோ. ஹெலிகாப்டர், விமானம் என்று வாழ்ந்த இன்ஜினீயர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. உட்கார்ந்தால் சுகமில்லை, துணியெல்லாம் அழுக்கு, பஞ்சர் ஆனால் சக்கரம் கழற்றுவது நரகம். அவரிடம்தான் பியாஜியோ முதலாளி போருக்குப் பிறகு, ஜனங்கள் ஓட்ட இரண்டு சக்கர வண்டி வேண்டும் என்றார். தஸ்கானியோ, விமானத்தின் கால் மாதிரி ஒரே பக்கத்துக் கையில் முன் சக்கரத்தைத் தொங்கவிட்டார். கார் சக்கரம் மாதிரி நாலு நட்டைக் கழற்றினால் பக்கவாட்டில் வந்துவிடும். 1946-ல் வெஸ்பா பிறந்தது. முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டெப்னி மூன்றும் ஒரே அளவு என்கிற வசதியும் இந்த ஜாதி ஸ்கூட்டரில் சேர்ந்துகொண்டது. 1972-ல் வந்த நம் பஜாஜ் சேத்தக்கும் அந்தப் பரம்பரைதான். பேர் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய அப்பாக்களைக் கேளுங்கள். மழையில், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் தனியாளாக ஸ்டெப்னி மாற்றிய வீரக் கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

மோட்டார் சைக்கிளுக்குத் திரும்புவோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. 1990-களின் கடைசியில் மோட்டார் சைக்கிள் ஸ்கூட்டரை முந்தியது. முன் ஸ்டாண்ட் என்ற ஒன்று இருந்ததே ஜனங்களுக்கு மறந்துபோனது. மிஞ்சியது சென்டர் ஸ்டாண்ட். இப்போது எடை குறைப்பு, செலவு குறைப்பு, அழகு என்று சொல்லிப் பல பைக்குகளில் அதுவும் இல்லை. வெறும் சைடு ஸ்டாண்ட்.

கணக்குப் படித்தவன் பாஷையில் சொல்கிறேன். கம்பெனியின் செலவுக் கணக்கிலிருந்து ஓர் ஐட்டம் எடுக்கப்பட்டது. ஆனால் அது காணாமல் போய்விடவில்லை. நம் கணக்கில் பற்று எழுதப்பட்டுவிட்டது. வண்டியைச் செய்கிறவர்கள் யோசித்துவந்ததை இனி வாசலில் நிற்கிற நாம்தான் யோசிக்க வேண்டும். டயர் என்னவோ மதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே தயாராகிறது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இரண்டு சக்கர வண்டி டயர் தொழிற்சாலையே இருக்கிறது. மாட்டத்தான் தெரிய வேண்டும்.

விரல் ஆறியதும் பெரியவரையே கூப்பிட்டேன். "இப்ப நீங்க செய்யாதீக. நான் சொல்லச் சொல்ல அவர் செய்யட்டும்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் வீட்டில் செய்யப் போகிறீர்களானால் வரிசையை மாற்றாதீர்கள்.

இடம். சமமான, கெட்டியான தரை. மண்ணாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை. பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சர் ஆறியிருக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. குழந்தைகள் வீட்டுக்குள். பிடித்துக்கொள்ள ஒரு பெரிய ஆள் வேண்டும்.

நட்டு. நான் செய்த முதல் தப்பு இதுதான். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே அச்சு நட்டை இளக்கிவிட வேண்டும். கழற்ற வேண்டாம், இளக்கினால் போதும். பலம் போட வேண்டிய வேலை எல்லாம் தூக்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தூக்கிய வண்டியிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

சென்டர் ஸ்டாண்ட். கையால் தூக்கினால் இடுப்புப் போகும். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, மிதிகட்டையில் உடம்புப் பாரம் முழுவதையும் காலால் இறக்க வேண்டும். அது நெம்புகோல். வண்டி தானாகப் பின்னால் ஏறி உட்காரும். முன்பக்கமாகத் தள்ளினால் ஸ்டாண்ட் மடங்கிவிடும் என்பதை மறக்கவே கூடாது. நான் ஸ்பேனரை இழுத்தது அந்தத் திசையில்தான்.

முட்டு. பின் சக்கரம் கழற்றுவதானால் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. முன் பிரேக் லிவரைப் பழைய டியூப் துண்டால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்ட வேண்டும். முன் சக்கரம் கழற்றுவதானால் பின் சக்கரத்துக்குக் கட்டை, எஞ்சினுக்கு அடியில் மரத்துண்டுகள். சைலன்சர் குழாயிலோ, ஆயில் போல்ட்டிலோ பாரம் விழக் கூடாது. அகலமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். செங்கல் ஏன் கூடாது? சுவர் மாதிரி பாரம் சமமாகப் பரவினால் அது தாங்கும். ஒரே முனையில் பாரம் குத்தினால் பிளந்துவிடும். மரம் அமுங்கும், முனகும், எச்சரிக்கை செய்யும். செங்கலுக்கு அந்த நல்ல குணம் இல்லை.

"கார் ஜாக்கி வச்சுத் தூக்கலாமா?" என்று கேட்டேன்.

"தூக்கலாம். ஜாக்கி தூக்கும் தம்பி. தாங்காது. தூக்குனவொடன கட்டை வச்சுரணும். முப்பது வருசம் லாரிக்கடியில படுத்திருக்கேன். ஒரு நாள்கூட வெறும் ஜாக்கிய நம்பிப் படுத்ததில்ல."

யோசித்துப் பார்த்தால் நியாயம். 1795-ல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸைச் செய்த நாளிலிருந்து இந்த ஜாதி யந்திரம் எல்லாம் உள்ளே இருக்கிற ஒரு சின்ன வளையத்தை நம்பித்தான் நிற்கின்றன. திரவம் கசியாமல் பிடித்துக்கொள்கிற வாஷர். அது கிழிந்தால் எத்தனை டன் என்றாலும் கீழே வந்துவிடும். மரக்கட்டையில் கிழிவதற்கு ஒன்றும் இல்லை.

இனி கழற்றலாம். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் புண்ணியம். டிஸ்க் பிரேக்காக இருந்தால், சக்கரம் வெளியே இருக்கும்போது அந்த பிரேக் லிவரைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே தள்ளிக்கொள்ளும். பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டைத் துண்டு செருகி வையுங்கள். டியூப் டயர் என்றால் காற்றை முழுக்க இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, வெல்ச்சின் பள்ளத்தை நினைத்துக்கொண்டு லிவர் போடலாம். டியூப்லெஸ் என்றால் வீரம் வேண்டாம். ரிம்மில் கீறல் விழுந்தால் காற்று நிற்காது. சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஆனால் அப்படிப் போகும்போதுதான் ஆபத்து. சக்கரம் இல்லாத வண்டி வாசலில் தனியாக நிற்கும். பந்து பொறுக்க வருகிற பையன் அதன்மேல் சாய்வான். ஒரு ஆளைக் காவல் வைத்துவிட்டுப் போங்கள்.

புது டயரில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசை அது. மாட்டிய பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, பிறகே அச்சு நட்டைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பின் சக்கரம் என்றால் செயின் தளர்ச்சி சரிபார்க்க வேண்டும். பிரேக்கை நாலைந்து தடவை அழுத்தி, பிடிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, தெருவுக்குள் ஒரு சுற்று மெதுவாக. கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் இருபது நிமிஷத்தில் செய்திருப்பார். லாப நஷ்டக் கணக்குப் போட்டால் சுத்த நஷ்டம். பரவாயில்லை.

வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "மாமா, இப்ப நான் வந்து புடிச்சுக்கவா?"

"பிடிக்க ஒண்ணும் இல்லடா. கட்டையைப் பொறுக்கிக் குடு."

ஓடி வந்து, ஒவ்வொரு கட்டையாகப் பொறுக்கி, பெரியவர் காலடியில் அடுக்கினான். எண்ணிப் பார்த்தேன். ஆறு. பத்திரமாகப் பரணில் வைத்திருக்கிறேன்.